பாதியில் நின்ற கொடி

அந்தக் கோடையில் அம்மா கதைப்பதை விட்டிருந்தார்.

கோபம் என்று இல்லை. சாப்பிட வா, பல்லைத் தீட்டு, கதவைச் சாத்து என்பதெல்லாம் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. வைகாசியில் ஊரிலிருந்து ஒரு தொலைபேசி வந்திருந்தது. அம்மாவின் அண்ணா சண்டைக்குள் அகப்பட்டுப் போய்விட்டார் என்று. கண்ட ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் எங்களுக்குச் சொன்னார். உடல் இல்லை. எந்த இடம் என்றும் தெரியாது. அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுப் போய் உலையில் அரிசியைப் போட்டார்.

அப்பா பக்கத்தில் போய் நின்றார். அம்மா திரும்பாமலே சொன்னார்.

"முகம் பாக்காமச் செத்தவீடு கொண்டாட ஏலாது."

அவ்வளவுதான். வீட்டுக்காரர் சொல்லாமல் எங்கள் ஆட்கள் துக்கம் விசாரிக்க வர மாட்டார்கள். அது முறையில்லை. புரொண்பியிலிருந்து அம்மாவின் சிநேகிதி ஒருத்தி பஸ் பிடித்து வந்தார். வந்தவர் மழையைப் பற்றிக் கதைத்தார், மரக்கறி விலையைப் பற்றிக் கதைத்தார், தேத்தண்ணீர் குடித்தார், போய்விட்டார். வாசலில் சப்பாத்துப் போடும்போதுதான் கண்ணைத் துடைத்தார். அம்மா அவரின் பையில் பிள்ளைகளுக்கென்று பிஸ்கற் வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பத்து வயது. தம்பிக்கு ஆறு. இரண்டு பேரும் டென்மார்க்கில், சில்க்போர்க்கில் பிறந்தவர்கள். மாமா எங்களுக்கு ஒரு குரல்தான். எப்போது எடுத்தாலும் "என்ன சாப்பிட்டனி?" என்று கேட்பார். நான் வெண்ணெய் பூசிய பாண் என்பேன். "அது சாப்பாடோ?" என்பார். வேறு கதை எங்களுக்குள் இல்லை. அதனால் மாமா இல்லை என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அம்மா இல்லாததுபோல் இருந்ததுதான் தெரிந்தது.

ஆடி மாதம் அப்பாவின் தொழிற்சாலையை மூடினார்கள். அது ஒவ்வொரு வருடமும் நடப்பது. அப்பா இறைச்சி வெட்டும் இடத்தில் வேலை. விடுமுறை என்றால் வீட்டில் இருந்து சைக்கிள் திருத்துவார். அந்த முறை சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு சொன்னார்.

"கடலுக்குப் போவம்."

அம்மா பிறந்தது கடற்கரையில். அப்பா அதை நினைத்திருப்பார். நான் கேட்டதில்லை.

ரண்டர்ஸில் இருந்த சித்தப்பாதான் இடம் பிடித்தார். அவருடன் வேலை செய்யும் டெனிஷ்காரர் ஒருவருக்கு மேற்குக் கரையில் ஒரு கோடை வீடு இருந்தது. ஒரு கிழமைக்குத் தருகிறேன் என்றாராம். சித்தப்பாவின் வான் வண்டியில் ஆறு பேரும் ஏறினோம். சித்தி அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், ஊறவைத்த உளுந்து, அரைக்கும் மெசின், சோறு அவிக்கும் பானை எல்லாம் ஏற்றினார். கடைசியில் எங்கள் கால் வைக்க இடமில்லை.

"அங்க மனிசர் இருக்கினம் தானே?" என்றார் சித்தப்பா. "கடையும் இருக்காம்."

"இருக்கட்டும். மிளகாய்த்தூள் இருக்காது," என்றார் சித்தி.

வழியில் பெற்றோல் அடிக்க நின்றபோது அம்மாவும் அப்பாவும் இறங்கினார்கள். சித்தி முன்சீற்றுக்குச் சாய்ந்து சித்தப்பாவிடம் கதைத்தார். நான் பின்னால் இருந்தது அவருக்கு நினைவில்லை.

"அக்கா சிரிக்க வேண்டாம். ஒருக்கா வாய்விட்டு அழுதாலே காணும். இப்பிடியே கிடந்தா ஆள் போயிடும்."

"கடலைக் கண்டா அழுவாவோ?"

"கடலைக் கண்டு ஆர் அழுறது? உங்களைக் கட்டி இவ்வளவு காலம், நானே அழேல்லை."

சித்தப்பா சிரித்தார். எனக்கு அது விளங்கவில்லை. அழாமல் இருப்பது நல்லதுதானே. பள்ளிக்கூடத்தில் விழுந்து முழங்கால் உரசினால், அழாத பிள்ளையைத்தான் ரீச்சர் கெட்டிக்காரி என்பார். ஆனாலும் பயமாக இருந்தது. ஆள் போயிடும் என்றால் எங்கே போவது?

அது மிகச் சின்ன ஊர். ஒரு தெரு. தெருவின் ஒரு முனையில் வெள்ளைத் தேவாலயம், மற்ற முனையில் கடல். துறைமுகம் கிடையாது. படகுகளை இரும்புக் கயிற்றால் இழுத்து மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். வீடுகள் எல்லாம் பதிந்த வீடுகள். காற்றுக்குப் பயந்து குனிந்து இருப்பவைபோல் இருந்தன. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ஒரு கொடிக்கம்பம் நிமிர்ந்து நின்றது.

சாவி மீன்கடையில் இருந்தது. புகைபோட்ட மீன் விற்கும் கடை. அதை நடத்தியவர் பெரிய உருவம். மஞ்சள் றப்பர் அங்கி, கையெல்லாம் செதில். சித்தி அவருக்குச் சாவிக்காரி என்று பெயர் வைத்தார். கிழமை முடியும்வரை எங்களுக்கு அவர் சாவிக்காரிதான். சாவியைத் தந்துவிட்டு, கதவுக்குப் பின்னால் கொடி மடித்து வைத்திருக்கிறது, விருப்பமென்றால் ஏற்றலாம், சூரியன் விழ முதல் இறக்கிவிட வேண்டும், அது மட்டும் முக்கியம் என்றார். நான் தமிழில் சொன்னேன். அப்பாவுக்கு டெனிஷ் விளங்கும். ஆனாலும் நான் சொல்லி முடியும்வரை பொறுத்திருந்தார்.

பின்னேரம் கடலுக்குப் போனோம். ஆடி மாதம் என்றாலும் காற்று காதுக்குள் போனது. சித்தப்பா கையை நீட்டி,

"உதில நேர போனா ஸ்கொட்லாந்து," என்றார்.

தம்பி இரண்டு கையையும் கண்ணில் வைத்துப் பார்த்தான். தெரியுது என்றான். பச்சையாய் இருக்கிறது என்றான்.

"உனக்குத் தெரியும். பொய்யனுக்கு எல்லாம் தெரியும்," என்றார் சித்தப்பா.

அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி பார்த்து முடித்து, சிப்பி பொறுக்கி, அதையும் விட்டுவிட்டு வந்த பிறகும் அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா தன் ஜக்கெற்றைக் கழற்றி அவரின் தோளில் போட்டார். அம்மா அதைப் பிடிக்கவில்லை. காற்று அதை மணலில் தள்ளியது. அப்பா எடுத்துத் தட்டிவிட்டு மறுபடியும் போட்டார்.

அம்மா அழவில்லை. சித்தி சித்தப்பாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்த நாள் காலை நான் வாசல்படியில் இருந்து கோர்ன்ஃபிளேக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கொடியோடு வந்தார். விடுமுறை நாளில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கொடிக்கு மரியாதை என்று நினைத்தேன். கொடியைக் கயிற்றில் கொழுவினார். நிலத்தில் முட்டாமல் பார்த்துக்கொண்டார். பிறகு இழுத்தார். கொடி உச்சிக்குப் போனது. காற்று அதை விரித்தது. அப்பா அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொடி இறங்கி வந்து பாதியில் நின்றது. அப்பா கயிற்றைக் கட்டிவிட்டு உள்ளே போனார். என்னைத் தாண்டிப் போகும்போது,

"பால் ஊத்தாமப் பாத்துச் சாப்பிடு, பிள்ளை," என்றார்.

சித்தப்பா எழும்பி வந்து கண்ணைக் கசக்கினார்.

"என்னண்ணை, கொடி பாதியில நிக்குது?"

"கயிறு இறுகிப் போச்சு."

"விடுங்கோ, நான் இழுக்கிறன்."

"வேண்டாம். அறுந்தா வீட்டுக்காரனுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

சித்தப்பா கம்பத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து தேத்தண்ணீர் கேட்டார். எங்கள் வீட்டில் ஒன்று சரிவரவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். ஒருவரும் அதற்குப் பிறகு கொடியைப் பற்றி நினைக்கவில்லை.

சித்தி உளுந்தை அரைத்தார். ஊறியதை இன்றைக்கும் விட்டால் புளித்துப்போகும், சுடத்தான் வேண்டும் என்றார். வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டி, ஒரு பெரிய தாச்சியில் எண்ணெய் கொதிக்க வைத்தார். சின்னச் சமையலறை. யன்னலெல்லாம் திறந்துவிட்டும் வீடு முழுக்க வடை வாசம். அம்மா அறையில் படுத்திருந்தார். கட்டில் யன்னலோரம். அந்தப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார்.

பத்து மணியிருக்கும். கதவு தட்டினார்கள். சாவிக்காரி நின்றார். றப்பர் அங்கி இல்லை. நீலச் சட்டை, வாரிய தலை. கையில் கடதாசியில் சுற்றிய மீன். முள்ளுச்செடியிலிருந்து பறித்த இளஞ்சிவப்புப் பூக்கள் கொஞ்சம். பின்னால் தொப்பியோடு ஒரு கிழவர், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். ஒருத்தியின் கையில் துணி மூடிய தட்டு.

கொடியைப் பார்த்தோம், அதுதான் வந்தோம் என்றார் சாவிக்காரி. நான் சித்திக்குச் சொன்னேன்.

"கொடியைப் பாத்தவையாம். அதுதான் வந்தவையாம்."

சித்தியின் முகம் மலர்ந்தது.

"பாத்தியோ! நாங்கள் கொடி ஏத்தினதில அவையளுக்கு எவ்வளவு சந்தோசம். பூவோட வந்திருக்கினம். உள்ளுக்கு வரச்சொல்லு, வரச்சொல்லு!"

ஓடிப்போய்ப் பெரிய பொட்டொன்று வைத்துக்கொண்டு வந்தார். சித்தப்பா எல்லாருக்கும் கை குடுத்தார். வெல்கம், வெல்கம் என்றார். அவர்கள் அவரின் கையை இரண்டு கையாலும் பிடித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக நடந்து வந்தார்கள். கதிரையின் நுனியில் இருந்தார்கள். கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். ஒருவரும் சத்தமாய்க் கதைக்கவில்லை.

"வலு மரியாதையான ஆக்கள்," என்றார் சித்தப்பா.

"ரவுணில இருக்கிற வெள்ளையள் மாதிரியில்லை," என்றார் சித்தி. சுடச்சுட வடையைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து நீட்டினார்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொன்று எடுத்தார்கள். கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல் எடுத்தார்கள். மெதுவாகக் கடித்தார்கள். அப்பா சுவரோடு நின்றார். அவருக்கு ஒருவரும் வடை கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வாசலையும் அம்மாவின் அறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிழவருக்கு முழு மிளகாய் அகப்பட்டது. முகம் சிவந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. வாயைத் திறக்கவில்லை. துப்பவும் இல்லை. பக்கத்தில் இருந்த பெண் அவர் அழுகிறார் என்று நினைத்து முதுகைத் தடவினாள். அவளுக்கும் கண் கலங்கியது.

"ஐயோ பாவம், அழுறார்," என்றார் சித்தி.

"அழேல்லை. மிளகாயைக் கடிச்சுப்போட்டார். தண்ணி குடு," என்றார் சித்தப்பா.

தம்பி துணி மூடிய தட்டைக் கண்டுபிடித்துவிட்டான். உள்ளே சீனி போட்ட பணிஸ். ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கையில் எடுத்தான்.

அப்போது அறைக் கதவு திறந்தது.

அம்மா வீட்டுச் சட்டையோடு நின்றார். தலையை அள்ளி முடிந்திருந்தார். முதலில் பூவைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த தொப்பியைப் பார்த்தார். கதிரை நுனியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சித்தி, "அக்கா, வந்திருக்கினம் பாருங்கோ. வாங்கோ, ஒரு வடை…" என்றார். அம்மா காதில் வாங்கவில்லை.

சாவிக்காரி எழும்பிப் போய் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தார். மெல்லக் கேட்டார்: யார்?

"ஆர் எண்டு கேக்கிறா," என்றேன்.

"சொல்லேன், பிள்ளை," என்றார் சித்தி. "நாங்கள் சில்க்போர்க், சித்தப்பா ரண்டர்ஸ் எண்டு…"

"மின் புரோர்," என்றார் அம்மா.

என் அண்ணா என்று. அம்மா டெனிஷில் கதைத்து நான் அதிகம் கேட்டதில்லை. கதைத்தாலும் கடையில் நன்றி சொல்வதோடு சரி. அந்த இரண்டு சொல்லும் சுத்தமாக வந்தன.

அதன் பிறகு அறையில் கொதிக்கிற எண்ணெய்ச் சத்தம் மட்டும்தான். சித்தி தட்டோடு அப்படியே நின்றார். பிறகு தட்டை மெல்ல மேசையில் வைத்தார். போய் அடுப்பை நிற்பாட்டினார். திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை.

சாவிக்காரி கல்லறையைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன்.

"எங்க தாட்டிருக்கு எண்டு கேக்கிறா."

"இடம் இல்லையெண்டு சொல்லு," என்றார் அம்மா. "ஆள் கிடைக்கேல்லை எண்டு சொல்லு."

சொன்னேன். சாவிக்காரி தலையாட்டினார். தெரிந்த கதையைக் கேட்பவர்போல் ஆட்டினார். பிறகு தன் கதையைச் சொன்னார். நான் துண்டு துண்டாகத் தமிழில் போட்டேன்.

"அவவுக்கு ஒரு தம்பியாம். ஸ்கொட்லாந்துப் பக்கம் மீனுக்குப் போனவராம். படகு வந்ததாம். அவர் வரேல்லையாம். கன காலமாம். கடல் தரேல்லையாம்."

தம்பி வாயில் பணிஸோடு, அப்படியென்றால் அவர் ஸ்கொட்லாந்தில் இருப்பார், நான் நேற்றுப் பார்த்தேன், பக்கத்தில்தான் என்று டெனிஷில் சொன்னான். சித்தப்பா அவனுக்குக் குட்டப் போனார். சாவிக்காரி தடுத்தார். தம்பியைப் பார்த்து ஒன்று சொன்னார்.

அம்மா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"இருக்கலாமாம். ஆனா அங்கத்தைச் சாப்பாடு அவருக்குப் பிடிக்காதாம். அதுதான் அவவுக்குக் கவலையாம்."

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புத்தான். நான் நன்றாகக் கேட்டேன், அது சிரிப்பு. அம்மா சிரித்துவிட்டார் என்று எனக்குச் சந்தோசம் வந்தது. ஆனால் அது நிற்கவில்லை. இழுபட்டு இழுபட்டு வேறொன்றாக மாறியது. அம்மா சாவிக்காரியின் கழுத்தைக் கட்டிப் பிடித்தார். தலையோடு தலையை வைத்தார். அப்படியே நிலத்தில் இருந்தார்.

எங்கள் ஆட்களின் செத்தவீட்டில் பெண்கள் அப்படித்தான் அழுவார்கள். கழுத்தைக் கட்டி, தலையோடு தலை முட்டி, போனவரோடு கதைத்துக் கதைத்து. அதை நான் பிறகு கண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறை. சாவிக்காரிக்கும் அது முதல்முறைதான். அவர்களின் ஆட்கள் கையைப் பிடிப்பார்கள், அதோடு சரி. அவ்வளவு பெரிய உருவம், அம்மா இழுத்த இழுப்பில் முழங்காலில் விழுந்தது. கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் கையை விரித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக அந்தக் கைகள் அம்மாவின் முதுகில் வந்தன.

"மாம்பழம் வெட்டினா சதையெல்லாம் எனக்குத் தந்துபோட்டு நீ கொட்டையைச் சூப்பிக்கொண்டு இருப்பியே அண்ணா," என்றார் அம்மா. "கொட்டைதான் ருசி எண்டு சொல்லுவியே. நானும் நம்பினனே. இவ்வளவு நாளும் நம்பினனே."

சித்தியும் போய் இருந்து மறுபக்கம் கட்டிக்கொண்டார். மூன்று தலையும் ஒன்றாய் முட்டின. டெனிஷ்காரர் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. கிழவர் இன்னொரு வடை எடுத்துக் கடித்தார். இந்த முறை பார்த்துக் கடித்தார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரில் கோபம் வந்தது. அம்மா அழுகிறார், இவர் வெளியே என்ன பார்க்கிறார் என்று.

அவர்கள் போக மத்தியானமாகிவிட்டது. சாவிக்காரி வாசலில் நின்று அப்பாவிடம் தனியாகக் கதைத்தார். இறக்க முதல் ஒருக்கால் உச்சிவரை ஏற்ற வேண்டும், அப்படித்தான் எங்கள் வழக்கம் என்றார். அப்பா ஓம் என்று தலையாட்டினார். எனக்கு அது கயிற்றைப் பற்றிய கதையாகத்தான் பட்டது.

அம்மா முகம் கழுவினார். தலைக்கு முழுகினார். எல்லாரையும் முழுகச் சொன்னார். சித்தப்பா, "குளிருது அண்ணி," என்று சொல்லிப் பார்த்தார்.

"செத்தவீட்டில முழுகாம இருக்கிறதோ? போங்கோ."

சித்தப்பா போனார். வெளியே வந்தபோது பல்லு அடித்தது.

அம்மா அடுப்பில் நின்றார். வைகாசியிலிருந்து அவர் வைத்ததெல்லாம் உப்பில்லாத சோறும் அவித்த முட்டையும்தான். அன்றைக்குப் பருப்பு வைத்தார், உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்தார், முட்டைக்கோவாவில் ஒரு வறை. சாவிக்காரி தந்த மீன் மேசையில் இருந்தது. தங்க நிறம். வாசமோ வாசம்.

"மீனை வெளியில வை," என்றார் அம்மா. "இண்டைக்கு மரக்கறி."

சித்தி மீனை எடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தார். வெளியில என்றால் வானுக்குள் என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார். ஒரு கிழமை அந்த வான் மணந்தது. மீன் என்னவானது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு, கடல் தெரிகிற யன்னலில் அம்மா வைத்தார். பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணீர். பிறகு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். என் தட்டைப் பார்த்து,

"காணுமோ? இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்றார்.

இரண்டு மாதத்தில் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எனக்கு வயிறு நிறைந்திருந்தது. ஆனாலும் போடச் சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் கோடையில் சூரியன் சுலபத்தில் விழாது. சாப்பிட்டு, கழுவி, கடல்வரை நடந்து திரும்பி வந்த பிறகும் வெளிச்சம் இருந்தது. அப்பா கம்பத்தடிக்குப் போனார். அம்மாவும் கூடப் போனார். அப்பா கயிற்றை அவிழ்த்து அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா இழுத்தார். கொடி ஒரு தடக்கும் இல்லாமல் உச்சிக்குப் போனது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இறக்கினார்கள். அப்பா ஒரு முனையையும் அம்மா மறுமுனையையும் பிடித்து, சேலை மடிப்பதுபோல் மடித்தார்கள்.

"காலமை இறுகின கயிறு இப்ப எப்பிடி இளகினது?" என்றார் சித்தப்பா.

"காத்து," என்றார் அப்பா.

நான் வேறு மாதிரி நினைத்தேன். அம்மாவுக்கு அப்பாவைவிடப் பலம் கூட. அழுததில் அந்தப் பலம் வந்துவிட்டது. அதனால்தான் சித்தி அழவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இப்போது எல்லாம் விளங்கிவிட்டது என்று படுத்தேன்.

மிச்ச நாளும் அங்கே இருந்தோம். ஒருநாள் சாவிக்காரி அம்மாவைத் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முற்றத்தில் ஒரு பெரிய கல். கடல் திருப்பித் தராதவர்களின் பெயரெல்லாம் அதில் வெட்டியிருந்தது. அவரின் தம்பியின் பெயரும் இருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். கீழே ஒருவரும் இல்லையோ என்று அம்மா கேட்கச் சொன்னார். ஒருவரும் இல்லை, பெயர் மட்டும்தான் என்றார் சாவிக்காரி. அம்மா கல்லைக் கையால் தடவிப் பார்த்தார். வீட்டுக்கு வந்த அடுத்த கிழமை மாமாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார். விளக்கும் வைத்தார். அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். புரொண்பிச் சிநேகிதியும் வந்தார். இந்த முறை மழையைப் பற்றிக் கதைக்கவில்லை.

பள்ளிக்கூடம் தொடங்கியபோது விடுமுறைக் கதை சொல்லச் சொன்னார்கள். என் அப்பாவுக்குக் கொடி ஏற்றத் தெரியாது, பாதியில் இறுக்கிப்போட்டார், ஊர்ச் சனமெல்லாம் வந்துவிட்டது என்று சொன்னேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

நான் பெரிதாய்ப் படிக்கவில்லை. பத்தாம் வகுப்போடு நிற்பாட்டிவிட்டு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனேன். அம்மா முன்பு துப்புரவு வேலை செய்த அதே இல்லம். அங்கே ஒருவர் இறந்தால் அன்றைக்குக் கொடியை அரைக்கம்பத்தில் விடுவார்கள். முதல்முறை என்னிடம் கயிற்றைத் தந்தபோது நான் பாதிவரை இழுத்துவிட்டுக் கட்டப் போனேன். கூட வேலை செய்தவள் கையைப் பிடித்தாள். அப்படியில்லை என்றாள். முதலில் உச்சிவரை ஏற்ற வேண்டும். கொஞ்சம் நிற்க வேண்டும். பிறகுதான் பாதிக்கு இறக்க வேண்டும்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோர்ன்ஃபிளேக்ஸ் கோப்பை, வெள்ளைச் சட்டை, உச்சிக்குப் போய் விரிந்த கொடி. இறுகிய கயிறு உச்சிக்கு எப்படிப் போகும்? நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

வேலை முடிய அப்பா அம்மா வீட்டுக்குப் போனேன். அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன்.

"அப்பா, அண்டைக்கு அந்தக் கயிறு இறுகினதோ?"

"எந்தக் கயிறு?"

"கடற்கரை வீட்டில. கொடிக் கயிறு."

அப்பா சில்லைச் சுற்றிவிட்டார். அது நிற்கும்வரை பார்த்தார்.

"ஓம், இறுகினது," என்றார்.

சமையலறை யன்னல் திறந்திருந்தது. அம்மா உள்ளே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"அது உச்சிக்குப் போய்த்தான் இறங்கினது. நான் யன்னலடியில முழிச்சுக்கொண்டெல்லே கிடந்தனான்."

அப்பா சில்லை இன்னொருமுறை சுற்றிவிட்டார்.

"என்ன சாப்பிட்டனி?" என்றார் அம்மா.

"பாண்," என்றேன்.

"அது சாப்பாடோ? உள்ளுக்கு வா."